மூடிய அறைக் கச்சேரி

"அந்தப் பாட்டு உங்களுக்கு என்னங்க துரோகம் பண்ணிச்சு? எதுக்கு இப்படிப் போட்டு வதைக்கிறீங்க?"

தோள்பையைக்கூடக் கழற்றாமல் அறை வாசலில் நின்று கேட்டாள் அவள். நாள் முழுக்க நூலகத்தில் எல்லாரையும் "உஷ்" என்று அடக்கியே பிழைப்பு நடத்துகிறவள். வீட்டுக்குள் நுழைந்தால் இந்த வரவேற்பு.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஐம்பதை நெருங்கும் வயதில் ஒருநாள் கிடாரும் கையுமாக வந்து நின்றபோது, ஏதோ வாடிக்கையாளர் கடையில் மறந்துவிட்டுப் போனது என்றுதான் அவள் நினைத்தாள். சொந்தக் காசில் வாங்கியது என்று பிறகுதான் தெரிந்தது.

ஆசிரியர் என்று யாரும் கிடையாது. எல்லாம் பேக்கிங் டிராக்கின் புண்ணியம். ஒரு பாட்டிலிருந்து கிடாரை மட்டும் நீக்கிவிட்டு, டிரம்ஸ், கீபோர்டு, பாடகர் எல்லாரையும் அப்படியே விட்டுவைத்திருப்பார்களாம். செல்போனில் அதை ஓடவிட்டு, காலியாக இருக்கும் இடத்தை இவர் வாசித்து நிரப்ப வேண்டுமாம். இதைக் கண்கள் பளபளக்க அவர் பலமுறை விளக்கியிருக்கிறார்.

"நிரப்புற மாதிரியா இருக்கு? ஓடுற பஸ்ஸைத் துரத்திக்கிட்டுப் போற மாதிரில்ல இருக்கு. பாட்டு முடிஞ்சு அவங்க எல்லாம் வீட்டுக்குப் போனப்புறமும் நீங்க மட்டும் வாசிச்சிட்டிருக்கீங்க."

"டிராக் கொஞ்சம் வேகமா போகுதும்மா."

"ஆமா, தப்பிச்சு ஓடப் பாக்குது."

அன்றிலிருந்து அவர் அறைக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பழக ஆரம்பித்தார். சாத்தி என்ன பயன்? ஒவ்வொரு தாளத்துக்கும் அரை நொடி பிந்தி ஒரு "டொய்ங்" வீடு பூராவும் கேட்கத்தான் செய்தது. மாடி வீட்டுக்காரர் படியில் பார்த்து, தச்சு வேலை எப்போது முடியும் என்று மரியாதையாக விசாரித்தார்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. அவளுடைய தம்பியின் கல்யாண வரவேற்பில் தான் ஒரு பாட்டு வாசிப்பதாக, அவள் பிறந்த வீட்டார் மொத்தப் பேரும் கூடியிருந்த இடத்தில் இவராகவே வாயை விட்டார். முதலில் வாயைத் திறந்தவர் அவளுடைய பெரியப்பா. இத்தனை நாள் நம் கண்ணைச் சோதித்தவர் இனிமேல் காதையும் சோதிக்கப்போகிறார் என்றார். கூடம் குலுங்கச் சிரித்தது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரைக் கிண்டல் செய்கிற உரிமை தனக்கு ஒருத்திக்குத்தான் என்பது அவள் கட்சி. இவர்கள் யார் நடுவில்?

போன மாதம் ஒரு மாலையில்தான் அது நடந்தது. வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்திலேயே நின்றுவிட்டாள். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து பாட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. டொய்ங் இல்லை. பிந்தல் இல்லை. கிடார் சத்தம் தனியாகவே தெரியவில்லை, அவ்வளவு அழகாக மற்ற வாத்தியங்களோடு கலந்திருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். அவளுக்குப் பெருமையாக இருந்தது. இந்த மனிதரையா அத்தனை பேச்சுப் பேசினோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

சாப்பிடும்போது, இப்போதெல்லாம் நன்றாக வருகிறதே என்று மெல்லச் சொன்னாள். அவருக்குப் புரையேறியது. தட்டைப் பார்த்தபடியே, "அப்படியா?" என்றார். என்ன ஒரு தன்னடக்கம் என்று அவள் உருகிப்போனாள்.

மறுநாள் கதவிடுக்கில் செல்போனை வைத்து ஒரு பாட்டை முழுசாகப் பதிவு செய்தாள். 'உங்க மாப்பிள்ளை வாசிச்சதுதான்' என்று எழுதி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். பாராட்டு கொட்டியது. பெரியப்பாவே கைதட்டும் படம் ஒன்று அனுப்பி, நம் குடும்பத்துக்கு ரத்தத்திலேயே சங்கீதம் உண்டு என்று எழுதினார். வெளியிலிருந்து வந்த மாப்பிள்ளைக்கு அந்த ரத்தம் எப்போது ஏற்றப்பட்டது என்று அவர் விளக்கவில்லை.

உடனே தம்பி கூப்பிட்டான். "அக்கா, மாமா இவ்வளவு நல்லா வாசிக்கிறாரே. ஒரு பாட்டு எதுக்கு, அன்னைக்குக் கச்சேரி முழுக்க அவரே பண்ணட்டும். பேசி வச்ச இன்னிசைக் குழுவை வேண்டாம்னு சொல்லிடவா?"

"சொல்லிடு," என்றாள், ஒரே மூச்சில். அவனும் சொல்லிவிட்டான்.

விஷயத்தைக் கேட்டதும் கணவரின் முகம் வெளுத்துவிட்டது. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாம்மா? நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். மேடைன்னா எல்லாருக்கும்தான் உதறும். போய்ப் பழகுங்க. எங்க பெரியப்பா முகத்தை அன்னைக்கு நான் பாக்கணும்."

அவரை அறைக்குள் தள்ளி அவளே கதவைச் சாத்தினாள். அதன் பிறகு அவர் கடையை முன்னேரமே மூடிவிட்டு வந்து அறைக்குள் போனால், சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தார்.

வரவேற்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மேடைக்கென்று வாங்கிய பட்டுச் சட்டையை அவள் தேய்த்துக்கொண்டிருந்தாள். செல்போன் அடித்தது.

"மேடம், கிடார் ரிப்பேர் கடையிலேர்ந்து பேசுறேன். சார் போனை எடுக்கல, இந்த நம்பரையும் குடுத்திருந்தார். போன மாசம் கழுத்து முறிஞ்ச கிடாரைக் கொண்டு வந்து போட்டாரே, அதுக்கு மரம் இன்னும் வரல. எப்படியும் பத்து நாள் ஆகும்னு சொல்லிடுங்க."

மூடிய கதவுக்குப் பின்னால் பாட்டு அருமையாகப் போய்க்கொண்டிருந்தது.