சுட்ட தேங்காய்ச் சில்லு

முழங்கால் ஆபரேஷன் ஆன மரகதவல்லியைத் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். வீட்டு முன்னாலிருந்த புல்தரையில் கம்பை ஊன்றி நாலு எட்டு வைத்திருப்பாள், கம்பு பதிந்த இடமெல்லாம் குழி.

"உனக்குப் பெருச்சாளியே தேவலைடி! ரோட்டுல போய் நட" என்று கத்தினார் புருஷன் தணிகாசலம்.

பெருச்சாளி பறித்த வளையை மண்ணால் அடைத்து, மேலே புதுப் புல்லைப் பதித்து, உள்ளங்கையால் பதமாக அழுத்தி விட்டார். இத்தனை வருஷத்தில் அந்தக் கை அவள் காலை ஒரு நாளும் பிடித்துவிட்டதில்லை.

"பெருச்சாளிப் பொறிக்கு ஒரு தேங்காய்ச் சில்லு சுட்டுக் கொண்டா."

நாலு சில்லு சுட்டாள். ஒன்றை அவரிடம் கொடுத்தாள். அவர் கை கழுவப் போனதும் புதுப் புல்லில் மூன்று இடத்தில் கம்பை ஆழமாகக் குத்தி, மீதிச் சில்லுகளைக் குழிக்கு ஒன்றாகப் போட்டு, கம்பு முனையாலேயே உள்ளே தள்ளினாள்.

"நான் ரோட்டுலயே நடந்துக்கிறேங்க" என்றாள்.