ரொம்ப மரியாதையான போன்

"ஓனரம்மாவுக்கு அவங்க பையன் புது போன் வாங்கி அனுப்பியிருக்கானாம்" என்றான் திலீப், சட்டையைக் கழற்றிக்கொண்டே. "இந்த வாரம்தான் வெளியே விட்டாங்க. எங்க கம்பெனியில எல்லாருக்கும் அதே பேச்சு."

"இருக்கட்டும். நமக்கென்ன?" ரூபா குழந்தையின் வாயைத் துடைத்தாள்.

"கேமராவை விடு, பேட்டரியை விடு. நாம தமிழ்ல பேசினா, அவங்களுக்கு அப்பவே தெலுங்குல சொல்லிடுமாம்."

துடைத்த கை அப்படியே நின்றது.

"நெட் இல்லேன்னா சொல்லாதில்ல?"

"நெட் இல்லாமலே சொல்லும். அதானே விசேஷமே!"

ரூபா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினாள்.

காரணம் இருந்தது. ராணிப்பேட்டையிலிருந்து கைக்குழந்தையோடு திருச்சானூருக்கு, இந்த மாடி வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து, கீழ் வீட்டிலிருக்கும் ஓனரம்மா செங்கம்மா தெலுங்கில் அதட்டுவதும் ரூபா தமிழில் திட்டுவதும்தான் வழக்கம். திட்டுவது என்றால் முகம் சுளித்து அல்ல. கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு, புன்னகையோடு.

மோட்டாரை நிறுத்து என்று கீழிருந்து குரல் வந்தால், "ஆகட்டும்மா. கழட்டித் தர்றேன், தலைமாட்டுல வெச்சுக்கிட்டுத் தூங்குங்க" என்பாள்.

குழந்தைத் துணியை முன்பக்கம் காயப்போடாதே என்றால், "சரிங்கம்மா. நேரா உங்க மூஞ்சியிலயே காயப்போடறேன்."

செங்கம்மா திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போவாள். திருப்பதிப் பக்கம் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியும்தான். ஆனால் அந்தம்மா வாயிலிருந்து ஒரு தமிழ் வார்த்தைகூட வந்து ரூபா கேட்டதில்லை.

"என்னங்க, காலி பண்ணச் சொல்லிட்டா? கைக்குழந்தைன்னதும் எத்தனை பேர் கதவைச் சாத்தினாங்க! மறுபடியும் இவளைத் தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவா அலையணுமா?"

"அப்ப திட்டாம இரு."

"திட்டாம எப்படிங்க இருக்கறது?" என்றாள் ரூபா. உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை செங்கம்மாவே படியேறி வந்துவிட்டாள். கையில் போன், மேலே ஒட்டிய ஸ்டிக்கர்கூடப் பிரிக்காமல். நாற்காலியில் உட்கார்ந்து அதைத் திலீப்பிடம் நீட்டினாள். அவன் எதையோ தட்டிவிட்டு அவள் மடியிலேயே வைத்தான்.

"மாட்லாடம்மா" என்று ரூபாவைப் பேசச் சொன்னாள் செங்கம்மா.

ரூபா பேச்சுப்போட்டி மேடையில் நிற்பதுபோல நிமிர்ந்தாள். "வணக்கம் அம்மா. தாங்கள் எங்களிடம் மிகுந்த அன்போடு நடந்துகொள்கிறீர்கள்."

போன் அதைத் தெலுங்கில் சொன்னது. செங்கம்மாவுக்கு ஏனோ இருமல் வந்துவிட்டது.

தப்பித்தோம் என்று ரூபா மூச்சு விடுவதற்குள் அவளுடைய போன் அடித்தது. அவள் இடுப்பில் குழந்தை. திலீப் எடுத்து, வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டுத் தொலைத்தான்.

"என்னடி ரூபா!" ராணிப்பேட்டையிலிருந்து அம்மாவின் குரல் கணீரென்று வந்தது. "அந்தச் சிடுமூஞ்சிக் கெழவி இன்னிக்காவது தண்ணி விட்டாளா, இல்லையா?"

திலீப் பாய்ந்து அதை அணைத்தான். பிரயோஜனமில்லை. செங்கம்மாவின் மடியிலிருந்த போன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டது. ஒரு கணம் யோசித்தது. பிறகு தேன் குரலில் ஆரம்பித்தது.

"ஆ பெத்தம்மகாரு ஈ ரோஜு நீள்ளு வதிலாரா, லேதா அண்டி?"

கெழவி, 'பெரியம்மா அவர்கள்' ஆகிவிட்டாள்! சிடுமூஞ்சியைக் காணவே காணோம்!

ரூபா கண்ணை மூடிக்கொண்டாள். ஏழுமலையானே, மொட்டை போடறேன், இவருக்கு.

செங்கம்மா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"இன்னாப்பா திலீப், என் பையன் இவ்ளோ துட்டு குடுத்து வாங்கிக்கீறான், இது பாதியை முழுங்கிட்டு சொல்லுதே! இவுங்கம்மா இவ்ளோ மரியாதையாவா கேட்டுச்சு?"

தமிழ்!

ரூபா சட்டென்று திரும்பித் திலீப்பைப் பார்த்தாள். அவன் குழந்தையின் கால் விரல்களை மும்முரமாக எண்ணிக்கொண்டிருந்தான்.

"அவனை ஏன் மொறைக்கிற? நான்தான் சொல்லாதேன்னேன். நான் பொறந்து வளந்தது நகரி. எங்க நைனா இன்னிக்கும் தமிழ்ப் பேப்பர்தான் படிச்சிக்கினு கீறாரு."

"அப்ப... நான் பேசினதெல்லாம்..."

"தெனம் கேட்டுக்கினுதான் இருந்தேன். நல்லதா இருந்தா என் தங்கச்சிக்கும் போன் போட்டு சொல்லுவேன். நேத்து நீ சும்மா இருந்துட்டியா, இன்னா ஆச்சு உடம்புக்குன்னு அவ கேக்கறா."

"மன்னிச்சிடுங்கம்மா. வீட்டை மட்டும் காலி பண்ணச் சொல்லிடாதீங்க..." ரூபா குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

செங்கம்மா எழுந்து வந்து, குழந்தையை அவளிடமிருந்து வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"வந்த புதுசுல இது அழுதா, நீயும் கூட உக்காந்து அழுவ. கீழ எனக்குக் கேக்கும். ரெண்டு வார்த்தை பேசலாம்னு படியேறினா, கதவைச் சாத்திக்கினு உள்ள பூடுவ. அப்பறம் ஒரு நாளு எதுக்கோ சத்தம் போட்டேன். நீ என்னைத் திட்டினே பாரு! திட்டிட்டு, திரும்பிக்கினு சிரிச்சே. இந்த வீட்டுல நீ சிரிச்சு அன்னிக்குத்தான் பாத்தேன்."

குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"அன்னியிலேருந்து எனக்குத் தமிழ் தெரியாம பூட்ச்சு. காலையில எழுந்தா, இன்னிக்கு உன்னை எதுக்கு அதட்டலாம்னு யோசிக்கறதுதான்டி எனக்குப் பெரிய வேலையா கீது!"