பின்னாடி சத்தம் வேண்டாம்

“ஹோம் தியேட்டரே எடுத்துக்கம்மா. அஞ்சு ஸ்பீக்கர். முன்னாடி, பின்னாடி, சுத்தியும் சத்தம் வரும்” என்றார் மதகடிப்பட்டுக் கடைக்காரர் முபாரக்.

“ஐயோ பாய், பின்னாடி சத்தம் கேட்டா ஒதைப்பாளுங்க!” என்றாள் ஜெயசுதா. “ரெண்டு ஸ்பீக்கர் மியூசிக் சிஸ்டமே குடுங்க. பாட்டு கேட்டா போதும்.”

“ஒதைப்பாங்களா? யாரும்மா?”

“பெரியவதான் மோசம். ரேடியோ ரிப்பேராகி நாலு நாளாச்சு. பாட்டு இல்லன்னா என்னைக் கிட்டவே சேக்க மாட்டா. இத பாருங்க.”

அவள் முழங்கை கன்றிப்போயிருந்தது.

மாமியாரோ ஓரகத்தியோ, யாராக இருந்தாலும் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று, முபாரக் தானே சிஸ்டத்தைக் காட்டேரிக்குப்பத்துக்கு எடுத்துப் போனார்.

“எங்கம்மா அந்தப் பெரியவ?”

ஜெயசுதா கொல்லைப்பக்கம் கைகாட்டினாள். மாட்டுக்கொட்டகையில் மூன்று பசுக்கள். ஓரத்தில் நின்ற செவலை அவரைப் பார்த்துக் கொம்பை ஆட்டியது.

முபாரக் சிஸ்டத்தைப் பிரித்தார். இரண்டு ஸ்பீக்கரையும் செவலைக்கு முன்னால் வைத்துப் பாட்டைப் போட்டார். அதன் காதுகள் நிமிர்ந்தன. ஜெயசுதா குண்டானோடு மடியருகே உட்கார்ந்தாள். நான்கு நாள் கழித்து, உதையில்லாமல் சர்சர்ரென்று பால் இறங்கியது.

வயரை இழுத்துக்கொண்டு செவலையின் பின்னால் வந்திருந்த முபாரக், வந்த தும்மலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.