கேட்டருகே முளைத்த கீரை

அடுக்குமாடி வீடு விற்கும் கம்பெனிக்காக நோட்டீஸ் கொடுப்பது இன்னாசியின் வேலை. குப்பை சேரக் கூடாதென்று இந்த முறை காகிதத்துக்குள்ளேயே கீரை விதையை வைத்து அடித்திருந்தார்கள். 'படித்தபின் மண்ணில் போடவும்' என்று அடியில் ஒரு வரி. எவன் படித்தான்? நீட்டுகிறவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் வாங்கி, நாலு எட்டு தள்ளிப்போய்க் கசக்கி எறிந்தார்கள். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. அடுத்த மாதம் அதே தெருவுக்கு வந்தவன் திகைத்து நின்றுவிட்டான். எறிந்த இடத்திலெல்லாம் கீரை. பஸ் ஸ்டாப் பெஞ்சுக்கடியில், மின்கம்பத்தைச் சுற்றி, ஏடிஎம் படியோரம், கொத்துக் கொத்தாக. தன்னை வேண்டாமென்றவர்கள் இத்தனை பேரா என்றிருந்தது. ஒரு வீட்டுக் கேட்டருகே மட்டும் வெறும் தண்டுகள். மாடு மேய்ந்ததல்ல, யாரோ கத்தியால் சீராக அறுத்திருந்தார்கள். உள்ளேயிருந்து பூண்டு தாளிக்கும் வாசனை வந்தது. இன்னாசியின் அறையில் அடுப்பு கிடையாது. கொஞ்ச நேரம் அந்த வாசனையிலேயே நின்றவன், என்ன நினைத்தானோ, கேட்டைத் தட்டினான். ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி ஒரு பெண் வந்தாள். அவன் முகத்தை நேராகப் பார்த்து, "யாருங்க வேணும்?" என்றாள். அவன் கை பழக்கத்தில் பைக்குள் போய் ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டியது. அவள் பார்வை அவன் முகத்தை விட்டுக் காகிதத்துக்கு இறங்கியது.