ஒரு வீட்டுக்கு ஒரு கார்

"புது விதிப்படி, மாற்றுத்திறனாளிகள் ரெண்டு பேர் ஒரே வீட்டுல இருந்தாலும் ஒரு காருக்குத்தான் வரிவிலக்கு. யார் காருக்கு விலக்கை ரத்து பண்ணட்டும்?" என்று கேட்டார் வரி அலுவலக குமாஸ்தா.

கவுன்ட்டருக்கு முன்னால் இரண்டு சக்கர நாற்காலிகள். ஒன்றில் தையல்காரி, மற்றதில் மெக்கானிக்.

"அவர் காருக்குப் பண்ணுங்க சார். கண்ணாடியை இறக்கினா ஏத்த முடியாது. மெக்கானிக் காராம்!" என்றாள் அவள்.

"இவ காருக்குப் பண்ணுங்க சார். பின் சீட்டு முழுக்கத் துணி மூட்டை. என் நாற்காலியை எங்க வைக்கிறது?"

"தலையில வச்சுக்கோங்க!"

குமாஸ்தாவுக்கு மனசு கேட்கவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு, "என்னை அண்ணனா நினைச்சுக்கம்மா. போயும் போயும் ஒரு காருக்காகக் குடும்பத்தை உடைச்சுக்காதீங்க" என்றார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள்தான் முதலில் சிரித்தாள்.

"உடைக்கிறதா? இன்னும் கட்டவே இல்லையே சார்! ஞாயித்துக்கிழமைதான் எங்களுக்குக் கல்யாணம். அப்புறம் ஒரே வீடுதானே, அதான் முன்கூட்டியே வந்தோம்."

குமாஸ்தா அசடு வழிந்தார்.

"என் காருக்கே ரத்து பண்ணிடுங்க சார். இனிமே இவதான் டிரைவர்" என்று மெக்கானிக் விட்டுக்கொடுத்தார்.

"நல்லா இருங்க! ரெண்டு பேரும் எங்க சந்திச்சீங்க?"

"இங்கதான். போன வருஷம் லிஃப்ட் ரிப்பேர்னு எங்களைச் சாயங்காலம் வரைக்கும் கீழேயே காக்க வச்சீங்களே!"

"அடடா! புகார் குடுத்திருக்கலாமே?"

"எழுதத்தான் இவர் எங்கிட்ட பேனா கேட்டார்" என்றாள் அவள். "பேசிக்கிட்டே இருந்ததுல, புகார் குடுக்கிற கெடுவே முடிஞ்சுபோச்சு சார்!"