கடைசி பெஞ்ச் கண்ணாடிக்காரர்

"கண்ணால பார்க்க முடியாது, கையால தொட முடியாது. அப்படி ஒரு நவுன் சொல்லுங்க பார்ப்போம்!"

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் மாஸ்டர் கேட்டு முடிப்பதற்குள் கடைசி பெஞ்ச் கண்ணாடிக்காரர் எழுந்துவிட்டார்.

"எங்க மேனேஜர், சார்."

வகுப்பே சிரித்தது.

"அடடா, அறிவுக்கொழுந்தே!" மாஸ்டர் தலைக்கு மேல் கைகுவித்தார். "ஆள், இடம், பொருள், குணம்... இதுக்கெல்லாம் இருக்கிற பேர்தான் நவுன்னு நாலு வாரமா தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறேன். நேத்து 'ஈட்'டை நவுன்னு சொன்னீங்க. சாப்பிடறது என்ன, மேஜையா நாற்காலியா?"

"பசியில சொல்லிட்டேன் சார்."

மறுபடியும் சிரிப்பு. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, முன்வரிசைத் தையல்காரம்மா கை தூக்கினார்.

"பயம்... ஃபியர், சார்?"

"சபாஷ்! முதல் வாரம் வாயே திறக்காத அம்மா இவங்க. இப்ப பாருங்க, எல்லாம் நம்ம டீச்சிங்!"

தன் முதுகைத் தானே தட்டிக்கொள்வதில் மாஸ்டரை மிஞ்ச ஆள் கிடையாது.

வகுப்பு முடிந்ததும் நேரே நிர்வாகி அம்மாவின் அறைக்குப் போனார்.

"மேடம், அந்தக் கண்ணாடிக்காரர் தலையில சுத்தக் களிமண். அவரால என் பேர் கெடுது. ஒண்ணு அவர் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

"உட்காருங்க மாஸ்டர். போன பேட்ச்ல முப்பது பேர் சேர்ந்தாங்க. கடைசியில எத்தனை பேர் மிஞ்சினாங்க?"

"ஒன்பது. படிப்புல அக்கறை இல்லாத ஜனங்க, மேடம்."

"பாதியில நின்னவங்க எல்லாருக்கும் நான் போன் பண்ணிக் கேட்டேன். தப்பா பதில் சொன்னா மாஸ்டர் நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்குறார், அதான் வரலைன்னாங்க. இந்த பேட்ச்ல?"

"ஒருத்தர்கூட நிக்கல!" மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"எப்படி நிப்பாங்க? உங்க நக்கல் மொத்தமும் ஒரே ஆள் தலையில விழுது. இவருக்கு நாம தேவலைன்னு மத்தவங்க தைரியமா வாயைத் திறக்கிறாங்க. அவர் இருபது வருஷம் காலேஜ்ல இங்கிலீஷ் எடுத்தவர், மாஸ்டர். உங்ககிட்ட திட்டு வாங்கறதுக்குன்னே நான்தான் சம்பளம் கொடுத்து உட்கார வச்சிருக்கேன்."

மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒருத்தர்தான் இருக்கணும்னு சொன்னீங்க இல்ல? உங்க வேலையை அவர் பார்த்துடுவார். அவர் வேலையை உங்களால பார்க்க முடியுமா?"