டோரீனுக்கு ஒரு பெயர்

சீனர் கல்லறைக் கல்லில் செத்தவர் பெயருக்குப் பக்கத்தில் பிள்ளைகளின் பெயரையும் சீனத்தில் வெட்ட வேண்டும். இப்போது செத்துப்போன இந்தக் கிழவர், மகன் பிறந்தபோது கோயிலுக்குப் போய் நாள் பார்த்துப் பெயர் வாங்கினாராம். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. நர்ஸ் தன் வாய்க்கு வந்த டோரீன் என்ற பெயரை எழுதிக்கொண்டாள்; சீனப் பெயர் வைக்க ஆளில்லை. கிழவர் படுக்கையில் விழுந்தபின் மலமும் மூத்திரமும் அள்ளியது அந்த டோரீன்தான். இப்போது அண்ணன்காரன் என் கல்லுப் பட்டறையில் நின்று, ஒரு கையில் ஐஸ் மைலோக் கோப்பையும் மறுகையில் போனுமாகத் தங்கைக்குப் பெயர் பொறுக்குகிறான். கத்தரிக்காய் பொறுக்குகிறவன்கூட ஒருதரம் அமுக்கிப் பார்ப்பான். காலமெல்லாம் சீனர்களுக்குக் கல் வெட்டியதில் இவர்கள் பேச்சு எனக்குப் புரியும். புரியாமலே இருந்திருக்கலாம்.

“தோ லின். டோரீன் மாதிரியே இருக்கு. நிறைய மரம்னு அர்த்தம். போதாதா?”

“அப்பா என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லையே.”

“பின்னே எப்படிக் கூப்பிட்டாரு?”

“ஏய்னு.”

அவன் மைலோ சிந்தச் சிரித்தான். “அதையா கல்லுல வெட்டுவாங்க?”

அவள் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். “அண்ணே, அதையே வெட்டுங்க.”

“நான் காட்டுறதை வெட்டு,” என்று அவன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். சீன எழுத்துத் தெரியாத காலத்தில் யார் எதைக் காட்டினாலும் வெட்டிக்கொண்டிருந்தேன். நாற்பது வயதுக்குமேல்தான் வாசிக்கப் பழகினேன். போனை ஒதுக்கிவிட்டுக் கல்லில் சுண்ணாம்புக் கோடு போட்டேன்.

“‘ஏய்’யை அப்பா பேர் அளவுக்கே பெரிசா வெட்டட்டுமாம்மா?”